பாம்பாரின் உண்ணாவிரதம்!

குழந்தை சாப்பிட அடம்பிடித்தால் நிலாவைக் காட்டலாம். பாம்புக்குட்டிக்கு எதை ஸார் காட்டுவது?

நியூஜெர்ஸியில் என் அக்கா மகன் வளர்ப்பது, மேற்கு ஆப்பிரிக்காவின் 'பால் பைதான்'. உடனே பால்கிண்ணத்தைத் தேடாதீர்கள். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்த 'பால்'! விஷம் கிடையாது.

வாங்கி வந்து ஒரு மாசமாக ஐயா எதையும் தொடவில்லை. வளர்ந்த பாம்பு மாசக்கணக்கில் பட்டினி தாங்கும். குட்டி தாங்காது. எடை இறங்கிக்கொண்டே வந்தது. சுத்த சைவமான அக்கா, ஐஸ்க்ரீமுக்குப் பக்கத்தில் உறைந்த சுண்டெலிக்கு இடம் கொடுத்துவிட்டு, "வாயில்லா ஜீவன், போயிடுமோடா?" என்று கண் கலங்கினாள்.

டாக்டர் சொன்ன வைத்தியம் சிம்பிள். "தூக்காதே, எட்டிப் பார்க்காதே. உடம்பு உரசுகிற மாதிரி இறுக்கமான பொந்து வை. ஒரு பக்கம் 32 டிகிரி சூடு. எலியை வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, ராத்திரி இடுக்கியில் நீட்டு." உதட்டோரக் குழிகளாலேயே சூட்டைக் கண்டுபிடித்துவிடுமாம்!

ஒரு வாரம் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள், இருட்டில்... லபக்! அக்கா தலைக்குக் குளித்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினாள்.

"நச்சரிக்காம விட்டா எல்லாம் தானா நடக்கும்க்கா. என் கல்யாணம்கூட" என்றேன்.

முறைத்தாள்.