ஒரு லோட்டுக்கு மட்டும்

மழை விட்டதும் ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் போகும் சாலையில் பார்த்தால் தெரியும். மண் கொட்டி உயர்த்திய புது லோட்டுகளில் தண்ணீர் தங்குவதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் பழைய வீடுகளின் வாசலில்தான் நிற்கிறது.

*

இந்த வட்டாரத்தில் பல இடங்களில் இலையும் வேரும் மக்கி உண்டான சதுப்பு மண். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது சுருங்கும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கும். தோட்டத்தில் வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் செம்பனைகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

*

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2000-லேயே வந்துவிட்டது. கட்டுமானத்துக்கு முன் நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் நீர் வெளியேறியதோ, கட்டிய பின்னும் அதைத் தாண்டக்கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் "இந்த ஒரு லோட்டுக்கு மட்டும்" என்று தளர்த்தினால், அங்கே தேங்கியிருக்க வேண்டிய நீர் அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது. சலுகை வாங்கியவர் ஒருவர், செலவு செய்பவர் வேறொருவர்.

*

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில் பக்கத்து நிலக்காரர்களுக்குத் தெரிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும். பக்கத்து நிலம் என்றால் எல்லையை ஒட்டியதும் அதற்கு மிக அருகில் இருப்பதும்தான். இரண்டு கிலோமீட்டர் கீழே, கால்வாய் முடியும் இடத்தில் குடியிருப்பவரை யார் கேட்பது?

*

2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும் அது இங்கே வந்து குவிந்தது. செம்பனைக்கு நடுவே, விவசாய நிலத்தில், அனுமதியில்லாத தொழிற்சாலைகள். முப்பதுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. புகையைப் பற்றி உலகமே எழுதியது. கொட்டகைக்கு அடியில் கொட்டிய மண்ணையும் சிமெண்டுத் தரையையும் பற்றிப் பேச்சில்லை. அனுமதியற்ற தொழிற்சாலைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திட்டம் ஒன்றைச் சிலாங்கூர் கொண்டுவந்தது. அதன் கெடு பல முறை நீண்டது. முதலில் கட்டு, பிறகு விண்ணப்பம் போடு என்றுதான் அது சொல்லித் தந்தது. எனக்கு இதில் கோபம் உண்டு.

*

கோலலங்காட் வடக்கு வனக்காப்பகம் நம் மாவட்டத்தின் சதுப்புக்காடு. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது. 2020 பிப்ரவரியில் அதை மேம்பாட்டுக்கு விடும் அறிவிப்பு வந்தது. தெமுவான் பூர்வக்குடியினரும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் எதிர்த்தார்கள். இருந்தும் 2021 மே மாதம் ஓசையில்லாமல் 536.7 ஹெக்டர் காப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் விஷயம் வெளியே வந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி மந்திரி பெசார் அமிருடின் ஷாரி முடிவு திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். மக்கள் விடாமல் கேட்டதால் மிஞ்சிய காடு அது.

மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 17, 18-இல் சிலாங்கூரில் பெருமழை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் ஏறி நின்றார்கள். அந்தப் பருவத்து வெள்ள இழப்பு நாடு முழுக்க 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. ஏறக்குறைய பாதி சிலாங்கூருக்கு.

*

2023 ஏப்ரல் 18, கோலாலம்பூரில் பூங்கா நிலத்தில் கட்டுவதை எதிர்த்த தாமான் ரிம்பா கியாரா வழக்கு. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும், அதிலிருந்து விலகினால் டத்தோ பண்டார் காரணம் சொல்லியாக வேண்டும் என்றது கூட்டரசு நீதிமன்றம். அது வெள்ள வழக்கல்ல. ஆனால் விதியைத் தளர்த்தினால் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் நமக்கும் வேண்டியது.

உங்கள் தாமானுக்கு மேட்டில் யாராவது மண் கொட்டத் தொடங்கினால், மழை வரும்வரை காத்திருக்காதீர்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போய், எந்த விதி தளர்த்தப்பட்டது, ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.