வெடித்த பானையும் கைராசியும்

சூளையில் 700, 800 டிகிரி வெப்பத்தில் வெந்து, சிவந்து, ஆறிச் சந்தைக்கு வந்த ஒரு மண்பானை, 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை வைத்துக்கொண்டு அடுப்பின்மேல் இருக்கும்போது ஏன் வெடிக்கிறது? நெருப்பிலேயே பிறந்த ஒன்று, அதைவிடச் சிறிய நெருப்பிடம் தோற்பது எப்படி? இக்கேள்வியை நம் சமையலறைகள் அதிகம் கேட்டதில்லை என்றே சொல்ல வேண்டும். அவை கேட்டுவந்தது வேறொரு கேள்வி: பானையை அடுப்பில் வைத்தது யார்?

முதல் கேள்விக்கான விடை எளியதுதான். பானையை உடைப்பது வெப்பம் அன்று, வெப்ப வேறுபாடு. சூளையில் பானை உள்ளும் புறமும், வாயும் அடியும் ஏறத்தாழ ஒரே சீராகச் சூடேறுகிறது. குயவர் முதலில் சிறுதீ மூட்டி ஈரத்தை வெளியேற்றுவார். பிறகே தீயைக் கூட்டுவார். சுட்டு முடித்ததும் சூளையை உடனே பிரிக்கமாட்டார், தானாக ஆறும்வரை காத்திருப்பார். உடல் முழுவதும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்குமானால் 800 டிகிரியும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அடுப்பின் கதை வேறு. அங்கே சுவரின் ஒருபுறம் தீ, மறுபுறம் குளிர்ந்த நீர்.

சுட்ட மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். செம்பு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்தும். ஆகவே செம்புப் பாத்திரத்தின் அடியில் பட்ட சூடு விளிம்புவரை ஓடிப் பரவிவிடுகிறது. மண்சட்டியில் பட்ட சூடு பட்ட இடத்திலேயே தேங்கி நிற்கிறது. சூடான பகுதி விரிய முயல்கிறது. சூடேறாத பகுதி அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. விரிவு என்றால் எவ்வளவு? 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மண்சட்டி 100 டிகிரி சூடேறினால் அதன் அகலத்தில் கூடுவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. ஒரு தாளின் தடிமன். உலோகமாக இருந்தால் அந்தத் தாளளவு நெருக்கடியைச் சற்று நெளிந்து கொடுத்துச் சமாளித்துவிடும். சுட்ட மண்ணுக்கு நெளியத் தெரியாது.

மண்ணும் பீங்கானும் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்குவதில்லை என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். செங்கல் ஒரு மாடியையே சுமக்கிறது. அதே செங்கல் கொத்தனாரின் கரண்டி ஒருமுறை பட்டதும் இரண்டாகிறது. அடுப்பின்மேல் சட்டியின் அடி சூடாகி விரியும்போது, இன்னும் குளிர்ந்திருக்கும் வாய் விளிம்பு ஒரு வளையம்போல் அதை இறுக்கிப் பிடிக்கிறது. இழுபடுவது அந்த வளையம்தான். எனவேதான் தீ கீழே எரிந்துகொண்டிருக்க, விரிசல் பலமுறை மேலே வாயில் தொடங்கிக் கீழிறங்குகிறது. காய்ந்து சூடேறிய சட்டியில் குளிர்நீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம். உட்புறத் தோல் சட்டென்று சுருங்கப் பார்க்கும், அதன் பின்னாலிருக்கும் சூடான மண் சுருங்கவிடாது, தோல் கிழியும். திடீரெனச் சூடேற்றுவதைக் காட்டிலும் திடீரெனக் குளிர்விப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

இனி அடுப்பைப் பார்ப்போம். விறகடுப்பின் தீ மெல்லப் பிடிக்கிறது. பிடித்தபின் பானையின் உருண்ட அடியைச் சுற்றித் தழுவிக்கொண்டு மேலேறுகிறது. எரிவாயு அடுப்பின் தீயோ பிறந்த கணத்திலேயே முழு வேகம் கொண்டது; அடியில் சிறு வட்டமாக ஒரே இடத்தில் தாக்குவது. அந்த அடுப்பில் ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகச் சட்டிகளுக்குத் தட்டையான அடி வைத்தார்கள். தட்டை அடியும் சுவரும் சந்திக்கும் மூலையில் இழுவை குவியும். உருண்டை அடிக்கு மூலை என்பதே இல்லை. நாம் அழகென்று எண்ணிய அந்த வளைவு பானையைக் காத்துவந்த வடிவம்.

இவற்றை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு பொங்கலைப் பற்றிச் சொல்லலாம். பெரியம்மா வீட்டு அண்ணி திருமணமாகி வந்த முதல் தை அது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளம். வாசலில் அடுப்பு மூட்ட இடமில்லை. முதல்நாள் மாலை வாங்கிவந்த புதுப்பானையைக் கழுவி, மஞ்சள்கொத்துக் கட்டி, எரிவாயு அடுப்பில் ஏற்றினார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் பால் பொங்கியாக வேண்டும். தீயை முழுதாகத் திருப்பச் சொன்னவர் பெரியம்மா, திருப்பியவர் அண்ணி. நாங்கள் பிள்ளைகள் தாம்பாளமும் கரண்டியுமாகப் 'பொங்கலோ பொங்கல்' சொல்லக் காத்து நின்றோம். டக்கென்று ஒரு சத்தம். பானையின் வாயிலிருந்து வயிறுவரை ஒரு கோடு. கசிந்த பால் ஓடி அடுப்பை அணைத்தது. யாரும் உரக்க எதுவும் சொல்லவில்லை. "புதுக்கை… அடுப்புக்கு ஆகல போல" என்று மட்டும் பெரியம்மா யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

மறுவருடம் வெண்கலப் பானை வந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. பெரியப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோதும், அண்ணிக்குக் குழந்தை தள்ளிப்போனபோதும் அந்தப் பானை யாராவது ஒருவர் வாயில் வந்து போயிற்று. அதன்பிறகு பொங்கலன்று அடுப்பைப் பற்றவைக்க அண்ணி முன்வந்ததே இல்லை. அரிசி களைந்து கொடுப்பார், வெல்லம் தட்டிக் கொடுப்பார். தீப்பெட்டியை மட்டும் வேறு யாரிடமாவது நீட்டிவிடுவார்.

அந்தப் பானையையே சாட்சியாக நிறுத்தி விசாரித்தால் என்ன சொல்லியிருக்கும்? கழுவிய ஈரம் காயாத புதுமண். அதன் நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் கூடுதலான இடம் கேட்கும். உள்ளே குளிர்ந்த பால், கீழே முழுத்தீ. விரிசல் ஓடிய தடமோ வாயிலிருந்து வயிற்றுக்கு. இக்கணக்கில் ஒருவருடைய கை நுழைவதற்கு இடமே இல்லை. வேறு எந்தக் கை ஏற்றியிருந்தாலும் அந்தப் பானைக்கு அதே கதிதான்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. மீன்குழம்புச் சட்டியைப் பழக்குவதற்குப் பெரியம்மா ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் வைத்து, ஆறவிட்டு, மறுநாள் மீண்டும் வைத்து, அதன்பின் எண்ணெய் தடவி, கடைசியில்தான் புளி அதற்குள் இறங்கும். பொங்கலுக்கோ யார் கையும் படாத புதுப்பானை வேண்டும் என்பது வழக்கம். இருப்பவற்றிலேயே மிகக் குறைவாகப் பழகிய பானைக்கு மிகப் பெரிய தீயும் மிகக் குறுகிய நேரமும் கிடைக்கின்றன. வாசலில் விறகோ பனையோலையோ எரிந்த காலத்தில், தீ பிடிக்க எடுத்துக்கொண்ட அந்த நேரமே பானையைக் காப்பாற்றியது. அடுப்பு மாறியது, வழக்கம் மாறவில்லை. இடையில் விழுந்த விரிசல் ஒரு பெண்ணின் பேரில் எழுதப்பட்டது.

நிற்க. பானை உடையாதிருக்க அதை இன்னும் உறுதியாகச் செய்தால் போதாதா என்று தோன்றலாம். 1921இல் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: இத்தகைய பொருள்களில் கண்ணுக்குப் புலப்படாத சிறு குறைகள் முன்பே இருக்கின்றன, இழுவை அவற்றின் நுனியில் குவியும்போது அவையே பெரும் விரிசலாக ஓடுகின்றன. அப்படியானால் குறையே இல்லாத, நெருக்கமான, வழுவழுப்பான பாண்டம்தானே நல்லது? பீங்கான் அப்படிப்பட்டதுதான். 1,200 டிகிரிக்கும் மேல் சுடப்பட்டு, உள்ளே பாதி கண்ணாடியாகி, நீர் புகாத உறுதியுடன் நிற்பது. ஊறுகாய் ஜாடியில் அதைப் பார்க்கிறோம். அந்த ஜாடியை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை.

இதன் காரணத்தை 1969இல் ஹாசல்மன் என்ற ஆய்வாளர் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். உறுதியான பாண்டம் விரிசலைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடும் நேரமெல்லாம் அதன் உடலில் விசை சேர்ந்துகொண்டே போகிறது. தாங்கும் எல்லை தாண்டியதும் சேர்ந்த விசை முழுவதும் ஒரே விரிசலை ஓட்டுகிறது, பாண்டம் இரண்டாகிறது. நுண்துளைகளும் நுண்விரிசல்களும் நிறைந்த சொரசொரப்பான பாண்டமோ மிகச் சீக்கிரமே விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு விரிசலும் சிறிது தூரம் ஓடி, அடுத்த துளையிலோ மணலிலோ முட்டி நின்றுவிடுகிறது. சூடு கண்டபின் சற்றே வலுக்குறைந்தாலும் பானை பானையாகவே இருக்கிறது. உடைவதைத் தள்ளிப்போடும் குணமும், உடைந்தும் சிதறாமலிருக்கும் குணமும் வேறு வேறு. பெரும்பாலும் ஒன்றைப் பெற்றால் மற்றதை இழக்க வேண்டும்.

நம் குயவர்கள் இக்கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. மானாமதுரையில் கண்மாய் மண்ணோடு மணலைச் சேர்த்து மிதிக்கிறார்கள். பச்சைப்பானை காயும்போது அளவுக்கு மிஞ்சிச் சுருங்காமல் காப்பது அந்த மணல். சூளையில் அது இன்னொரு காரியமும் செய்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியைக் கடக்கும்போது தன் கனஅளவைச் சட்டென மாற்றிக்கொள்ளும். ஆறும்போது சுற்றியிருக்கும் மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கி, மணியைச் சுற்றி மயிரிழை இடைவெளிகளை விட்டுவைக்கும். ஓடிவரும் விரிசலை மடக்குபவை அந்த இடைவெளிகள்தாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த 'ரூலெட்டட்' தட்டுகள் நயமாக அரைத்த மண்ணில் செய்தவை, பரிமாறுவதற்கானவை. உலகெங்கும் அகழாய்வுக் குழிகளில் சமைக்கும் பானை என்று அடையாளம் காணப்படுபவை பெரும்பாலும் மணலோ கிளிஞ்சல் தூளோ உமியோ கலந்த முரட்டு மண்ணாலானவை. விருந்துக்கு ஒரு மண், அடுப்புக்கு ஒரு மண்.

பிற நாட்டாரும் இதே சிக்கலை வெவ்வேறு வழிகளில் கடந்தார்கள். விரிவையே குறைத்துவிடுவது ஒரு வழி. 1915இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பைரெக்ஸ் பாத்திரம் சாதாரணக் கண்ணாடியைப்போல் மூன்றில் ஒரு பங்கு அளவே விரியக்கூடிய போரோசிலிகேட் கண்ணாடியில் ஆனது. 1950களின் தொடக்கத்தில் அதே கார்னிங் நிறுவனத்தில் ஸ்டூக்கி என்னும் வேதியியலாளரின் உலை, வைத்த 600 டிகிரியில் நில்லாமல் 900 வரை போய்விட்டது. உள்ளேயிருந்த கண்ணாடி உருகவில்லை, பால்போல் வெளுத்திருந்தது, தரையில் விழுந்தும் உடையவில்லை. சூட்டில் மிகக் குறைவாக விரியும் கண்ணாடிப் பீங்கான்கள் இதன் தொடர்ச்சியாகவே வந்தன. ஜப்பானின் இகா வட்டாரத்தார் எடுத்தது நம் குயவர்களின் வழி. பழங்கால ஏரிப்படுகையின் மண்ணில் செய்த சட்டியைச் சுடும்போது அதிலுள்ள தாவர எச்சங்கள் எரிந்து நுண்துளைகளாகின்றன. அந்தச் சட்டியிலும் முதலில் காய்ச்சுவது அரிசிக்கஞ்சிதான். கஞ்சியின் மாவுப்பொருள் துளைகளில் புகுந்து வீங்கி அவற்றை அடைக்கிறது. கடல் கடந்த இரு சமையலறைகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே விடைக்கு வந்திருக்கின்றன.

சட்டியைப் 'பழக்குவது' என்ற சொல்லைத் தமிழ் எங்கிருந்து எடுத்தது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. மாட்டை வண்டிக்குப் பழக்குகிறோம். சட்டியைத் தீக்குப் பழக்குகிறோம். இந்த அறிவு பெண்களின் கைகளில் இருந்தது. ஆனால் அது விதியாகக் கைமாறிய அளவுக்குக் காரணமாகக் கைமாறவில்லை. 'ஈரச்சட்டியை ஏற்றாதே', 'சுட்ட சட்டியில் பச்சைத்தண்ணி ஊற்றாதே', 'இறக்கியதை வெறுந்தரையில் வைக்காதே, பிரிமணையில் வை'. எல்லாமே சரியானவை. காரணம் தெரியாத விதி, அடுப்பு மாறும்போது தானும் மாறிக்கொள்ள அறிவதில்லை. அது பொய்த்துப்போகும் இடத்தில் சகுனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே தைக்குப் புதுப்பானை வாங்குவோர் நான்கு நாள் முன்னதாகவே வாங்குவது நல்லது. தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதை எடுக்கலாம். நீரில் ஊறவைத்து நன்கு காயவிடலாம். எரிவாயு அடுப்பானால் பானைக்கும் தீக்கும் நடுவே ஓர் இரும்புத் தகட்டை வைத்து, குளிர் நீங்கிய பாலை ஊற்றி, சிறுதீயில் தொடங்கலாம். நல்ல நேரத்துக்கு அரைமணி முன்னதாக ஏற்றினால் பால் உரிய நேரத்தில் பொங்கும். இவ்வளவும் செய்தபின் பானை வெடித்தால் குனிந்து தீயைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்க்க வேண்டாம்.