காத்து போனா எந்தப் பக்கம்?

நெய்வேலியில் ஒரு காலத்தில் உரம் தயாரித்தார்கள் என்றால் கம்மாபுரம் டீக்கடையில் நிற்கும் பையன்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்குச் சுரங்கம் தெரியும். நிலம் எடுப்பது இன்னும் நன்றாகத் தெரியும். 1960களில் பழுப்பு நிலக்கரியை ஆக்சிஜனும் நீராவியும் கொண்டு வாயுவாக்கி, ஹைட்ரஜனைப் பிரித்து, அம்மோனியாவும் அதிலிருந்து யூரியாவும் செய்த ஆலை அங்கே ஓடியது. பிறகு நிலக்கரியின் இடத்துக்கு எரி எண்ணெய் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆலையே மூடப்பட்டது.

அந்த ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவரைத் தேடித்தான் போனேன். மருமகனின் வால்வு சர்வீஸ் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு இளைஞன் வால்வின் பிளக்கில் தேய்ப்புப் பேஸ்ட் தடவி, அது உட்காரும் சீட்டுக்குள் வைத்து இப்படியும் அப்படியும் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“அழுத்தாத தம்பி. அதோட வெயிட்டே போதும்.”

சற்று சுழற்றி, தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி சுழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடம் தேயும். பிறகு துடைத்துவிட்டு நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவிப் பொருத்திப் பார்க்கிறார்கள். சீட்டில் நீல வளையம் எங்கும் அறுபடாமல் விழுந்தால் சரி. முடி அளவு இடைவெளி தெரிந்தாலும் பழையபடி பேஸ்ட். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுமை போயிற்று. அந்தப் பையனுக்குப் போகவில்லை.

அம்மோனியா ஆலையில் இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்டேன். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வினைகலனுக்குள் ஒரு தடவை போய்வந்தால் சிறு பங்குதான் அம்மோனியாவாகும். அதைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தெடுத்து, மிச்ச வாயுவைத் திரும்பச் சுற்றவிடுவார்கள். திரவம் சேரும் கலத்தின் அடியில் இருக்கிறது லெட்-டவுன் வால்வு. அதன் ஒரு பக்கம் 200 வளிமண்டலத்தை ஒட்டிய அழுத்தம், மறுபக்கம் ஏறக்குறைய 20. தாண்டும் கணத்திலேயே கரைந்திருந்த வாயு குபீரென்று வெளியேறும். திரவத்திலும் ஒரு பங்கு ஆவியாகும். அந்த வேகம் கடினப் பூச்சு போட்ட பிளக்கையும் கறையான் தின்ற கட்டைபோல அரித்துவிடுமாம்.

“நல்லா தெறந்துட்டா திரவம் காலியாயி கேஸ் பூரா கீழ் டேங்குல அடிக்கும். அது தாங்காது. மூடிக்கிட்டா திரவம் ஏறி கம்ப்ரசர் பக்கம் போயிடும். அதுக்குப் பொழப்பே நடுவுல நிக்கிறதுதான்.”

செம்பு, பித்தளை எதையும் அம்மோனியா பக்கத்தில் அண்டவிடக் கூடாது, அவற்றை அரித்து வெடிப்பு விழவைத்துவிடும் என்றார். கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும், எதற்கும் ஈரத்துணி கைவசம் வேண்டும். இவற்றை வேலைக் குறிப்புபோலச் சொன்னாரே தவிர, வீரக்கதையாக ஒன்றையும் சொல்லவில்லை.

புதிதாக வரும் பயிற்சியாளரிடம் அவர் முதலில் கேட்டது, “காத்து போனா எந்தப் பக்கம்?” என்றுதானாம். வால்வை நகர்த்துவது டயாஃப்ரத்தின் மேல் வரும் காற்று. அது நின்றால் ஸ்பிரிங் இழுக்கிற பக்கம் போகும். லெட்-டவுன் வால்வு மூட வேண்டும். கம்ப்ரசரைக் காக்கும் சர்ஜ் வால்வு திறக்க வேண்டும். கரண்ட் போய், ஆள் எல்லாம் ஓடிய பிறகும் இரும்பு என்ன செய்ய வேண்டும் என்பதை யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வினையூக்கியைப் புகழ்கிற அளவுக்கு இந்த ஸ்பிரிங்கைப் பேசுவதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

வால்வைப் பூட்டிக் காற்று கொடுத்தார்கள். கால், அரை, முக்கால் என்று தண்டு இறங்க வேண்டும். காலிலேயே திக்கித் திக்கிப் போனது. தண்டைச் சுற்றிய பேக்கிங்கை அழுத்தும் கிளாண்டை இறுக்கிவிட்டான் என்றார் பெரியவர். கிராஃபைட் பேக்கிங் அப்படித்தான் பிடிக்கும், டெஃப்லான் போட்டிருக்கலாம் என்றார் மருமகன். “சூட்டுல டெஃப்லான் நிக்குமா மாப்ள?” பையன் ஸ்பேனரை எடுத்து நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, மறுபடி காற்றைத் திறந்தான்.