வீச்சம் கழித்த தோல்

தோல் மணம் என்று விற்கிற சென்ட்டில் தோல் துளியும் கிடையாது. பூவைப் போலத் தோலிலிருந்து மணத்தை இறக்க முடியாது. முன்பு பூர்ச்ச மரப்பட்டையைச் சுட்டு இறக்கிய தாரை வைத்து அந்த நெடியைக் கொண்டுவந்தார்கள்; ரஷ்யாவில் தோலுக்கே அந்தப் பட்டை எண்ணெயைத் தடவியதால் மூக்குக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. பிறகு ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற ஆய்வகச் சரக்கு வந்தது. 1944-ல் பாரிஸில் ஜெர்மெய்ன் செலியே என்ற பெண்மணி ‘பாந்தி’ சென்ட்டில் அதைத் தாராளமாகக் கொட்டினார்.

சிங்கப்பூர் மச்சான் எனக்குக் கொண்டுவந்தது அந்தச் சாதி இல்லை, ரொம்ப சாது. அடித்தவுடன் குங்குமப்பூவின் சுள்ளென்ற கசப்பு. அரை மணி நேரத்தில் அது இளகி, புது மணிபர்ஸின் உள்பக்கத்தில் பாலேடு தடவியதுபோல் ஆகிவிடும். குளிர் நாட்டில் நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்குமாம். கடலூர்ப் புழுக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது, இனிப்பு திகட்டுகிறது. சட்டையின் உள்பக்கம் ஒரே ஒரு தடவை அடிப்பது போதும். சித்திரையில் அதுவும் கூடாது.

கடலூர் பழைய நகரமான ஓ.டி.யில் சிதம்பரம் பஸ் ஏறினால் ரசாயன ஆலைகள் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். 2004-ல் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வழியே வரும் நெடியும் என் சட்டையிலிருக்கும் ‘தோலும்’ ரசாயனத்தில் பங்காளிகள் என்பது அங்கேதான் உறைக்கும். ஒன்றுக்கு முகம் சுளிக்கிறோம், இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நிஜத் தோல் வாசம் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் பச்சைத் தோலின் வீச்சம். பிரான்சின் கிராஸ் நகரத்தில் சென்ட் தொழில் வளர்ந்ததற்கே இந்த வீச்சம் ஒரு காரணம். 16-ஆம் நூற்றாண்டில் தோல் கையுறை நாறாமல் இருக்கப் பூமணம் ஏற்றினார்கள். இன்று வீச்சத்தையும் மாட்டையும் தோலில் கைவைத்த ஆளையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் குப்பியில் அடைக்கிறார்கள்.

பு.முட்லூர் தாண்டி வெள்ளாறு வந்ததும் எனக்கு நாயன்மார்களில் ஒருவரான நந்தனார் நினைவு வந்துவிடும். பேரிகைக்குப் போர்வைத்தோல், இழுத்துக் கட்ட வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை என்று அவர் கோயில்களுக்குக் கொடுத்ததைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கோரோசனை மாட்டின் பித்தப்பையிலிருந்து வருவது. அது சந்நிதிக்குப் போனது, தோல் மேளத்தில் ஏறியது, கொடுத்தவரோ பிறந்த குலத்தால் தில்லை எல்லையிலேயே நின்றார். தீயில் இறங்கி, பூணூலோடு எழுந்த பிறகுதான் உள்ளே போனதாகப் புராணம். உள்ளே ஆடுகிறவர் இடுப்பிலோ புலித்தோல்! சுவாமி சகஜானந்தர் 1916-ல் இதே சிதம்பரத்தில் கல்விக்கழகம் தொடங்கியபோது நந்தனார் பெயரைத்தான் வைத்தார்.

சிதம்பரம் கோயிலில் கனகசபை ஏறும்போது சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வியர்வையும் விபூதியும் கலந்த அந்த நெரிசலில், பின்னால் நின்ற பெரியவர், “நல்ல வாசனையா இருக்கே, சந்தனமா சார்?” என்றார்.

“தோலுங்க” என்றேன்.

சிரித்தார், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். மச்சான் அடுத்த முறை என்ன வேண்டும் என்று கேட்டால் இதையேதான் சொல்லப்போகிறேன். வீட்டில் சும்மா இருக்கும்போது போடுவதில்லை, சிதம்பரம் போகிற அன்றைக்குத்தான்.