மாசி வீதியில் ஒரு கல்யாணப் பட்டியல்

மதுரைக்குப் புதிதாக வருகிறவர்களை ரொம்பவே குழப்புவது வீதிப் பெயர்கள்தான். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்தது மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு! சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர்.

சரி, சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்று சொல்வார்கள். மாதம் மாறிவிட்டது, வீதியின் பெயர் மாறவில்லை.

வெளி வீதிகள் இருக்கும் பக்கம் முன்பு கோட்டையும் அகழியும் இருந்தன. 19-ம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் நிற்கின்றன. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. சீனாவின் பெய்ஜிங்கிலும் இதே கதைதான். அங்கே பழைய மதில் இருந்த தடத்தில் இப்போது இரண்டாவது சுற்றுச்சாலை ஓடுகிறது.

இந்தச் சதுரங்களுக்குள் வியாபாரம் தெருத்தெருவாகப் பிரிந்திருக்கிறது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகை. தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளி. கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ காலையில் பஸ் ஏறி வருகிற குடும்பம் தாலி, முகூர்த்தப் புடவை, சீர்ப் பாத்திரம், சமையல் சாமான் என்று முழுப் பட்டியலையும் நடந்தே முடித்துவிட்டு, நடுவில் ஒரு ஜிகர்தண்டாவும் குடித்துவிட்டுச் சாயங்காலம் ஊர் திரும்பலாம்.

பக்கத்துப் பக்கத்தில் ஒரே சரக்கை விற்றால் போட்டியில் நஷ்டம்தானே என்று தோன்றும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட பொருளாதார நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒரே தொழில் ஓரிடத்தில் கூடினால் தேர்ந்த வேலையாட்களும் துணைத் தொழில்களும் அங்கேயே வந்து சேரும். நகைக்கடைத் தெருவை ஒட்டிப் பட்டறைகள் இருக்கும், மளிகைத் தெருவில் சுமை தூக்குபவர்கள் காத்திருப்பார்கள். ஒரு கடையில் சரக்கு தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே நடக்கும்.

இந்த ஏற்பாடு இப்போது ஒவ்வொன்றாகக் கலைகிறது. கோயில் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் 2010 வாக்கில் மாட்டுத்தாவணிக்குப் போனது. பழைய இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகளை அகற்றினார்கள். தையல்காரர்களுக்குப் பேர்போன புதுமண்டபமும் காலியாகி, வியாபாரிகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினார்கள்.

இதில் எதையும் சும்மா தப்பு என்று சொல்லிவிட முடியாது. காய்கறி லாரி நுழைய முடியாத சந்தில் மொத்த மார்க்கெட் எத்தனை நாள் நடக்கும்? 17-ம் நூற்றாண்டுச் சிற்பத் தூண்களுக்கு நடுவே துணி மூட்டை அடுக்கலாமா? தீ விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆனால் இடம் மாற்றும்போது கணக்குப் பார்ப்பது கடைகளின் எண்ணிக்கையை மட்டும்தான். நூறு கடை போனால் நூறு கடை கட்டிக்கொடுத்தால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். மூட்டை தூக்கியவர், டீ கொண்டுபோன பையன், அந்தக் கடையை நம்பியே இருந்த பக்கத்துக் கடைக்காரர் ஆகியோர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. உசிலம்பட்டிக் குடும்பமும் வருவதில்லை. ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு திசையில் போனால் அவர்களுக்குக் கூடுதலாக ஆட்டோ செலவு, இன்னொரு நாள் கூலி நஷ்டம்.

அடுத்து எந்தத் தெருவை மாற்றுவதானாலும், அந்தத் தெருவுக்கு ஒரு நாளில் யார் யார் வந்துபோகிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். காலை எட்டு மணிக்குக் கீழமாசி வீதியில் ஒரு மணி நேரம் நின்றாலே பாதிக் கணக்கு வந்துவிடும்.