அப்பாவும் அணிலும்

'பூகோளம் படிச்சது போதாதா? காட்டைப் பத்தி மேல்படிப்பு வேறயா?' அப்பா கத்தினார். (பக்கத்து வீட்டுப் பையன் பேங்க் பரீட்சை எழுதுகிறானாம்!)

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் அண்ணாந்து கழுத்து சுளுக்கிய பிறகு, மாந்தோப்பு ஓரத்தில் தரிசனம் தந்தது சாம்பல் நிற மலை அணில். உடம்பு நீளத்துக்கு வால்!

'இதுக்கா 1988-ல சரணாலயம்?'

'2021-ல மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமே ஆக்கிட்டாங்கப்பா. இது கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். நடுவுல நாலு மரம் சாய்ச்சா இதுக்கு ரோடு கட். காடு போனா மழைத்தண்ணி மலையில நிக்காது. அப்புறம் நம்ம ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு எங்கேர்ந்து வரும்?'

அப்பா பதில் பேசவில்லை. ராத்திரி, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

'அந்தப் படிப்புக்கு ஃபீஸ் எவ்வளவுடா?'