பச்சை சிப்பாய்களும் சொல்தா தாத்தாவும்

காரைக்கால்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? திருநள்ளாறு சனி பகவான், காரைக்கால் அம்மையார்... 'குடிமகன்'கள் சிலருக்கு வேற ஏதாவது! எனக்கு ஞாபகம் வர்றது பிளாஸ்டிக் சிப்பாய்கள்தான். சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் இருக்கு.

ஆனி பௌர்ணமியை ஒட்டி இங்கே மாங்கனித் திருவிழா களைகட்டும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகள்ல இருந்து மாம்பழத்தை வாரி இறைப்பாங்க. கீழே நிக்கிற கூட்டம் கேட்ச் பிடிக்கிற அழகை ஜான்டி ரோட்ஸ் பார்த்தா அசந்துடுவார்! அந்த நாட்கள்ல அம்மையார் கோயில் இருக்கிற பாரதியார் சாலைப் பக்கம் போனா வளையல், பலூன், பஜ்ஜின்னு கடைகள். அங்கேதான் என் புதையல். ஒரு கவருக்குள்ள ஒரு பட்டாளமே பச்சைப் பசேல்னு படுத்திருக்கும். சின்ன வயசுல கொலுப்படிக்குக் கீழே பார்க் கட்ட வாங்க ஆரம்பிச்சது. வேலைக்குப் போயும் விடலை. இப்ப நாலு ஷூ பெட்டி நிறைய இருக்கு.

இந்தப் பயலுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் பொம்மை சிப்பாய்னா ஈயம்தான். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893-ல் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்தது. 1938-ல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் சிப்பாய் வந்தது. அதன் அச்சைப் பார்த்து ஒரு அச்சு, அதைப் பார்த்து இன்னொன்று என்று நகலெடுத்ததில், திருவிழாக் கடைக்கு வர்றவனுக்கு மூக்கும் முழியும் கரைஞ்சு போயிருக்கும். ஆனா அந்தக் கவிழ்த்த சட்டி ஹெல்மெட் மட்டும் அப்படியே இருக்கும். அது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஹெல்மெட்.

சரி, இதுக்கும் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கடலோரமே ஒரு பட்டாள மைதானம். வடக்கே தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். தெற்கே நாகப்பட்டினத்தை 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். நடுவில் காரைக்கால், 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில். 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அதுவரை இந்த ஊர்ப் பிள்ளைகள் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று போனார்கள். 'சொல்தா'ன்னு ஊர்ல சொல்றது இவங்களைத்தான். பிரெஞ்சுல சொல்தான்னா சிப்பாய். பிரான்ஸ்ல இருந்து பென்ஷன் வர்ற வீடுகள் இங்கே உண்டு. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, மெடல் குத்திக்கிட்டு ஊர்வலமா போவாங்க.

திருவிழாக் கடைகளும் ஜூலை 14-ம் கிட்டத்தட்ட ஒரே சீசன். 2012-ல் அப்படித்தான் ஒரு சொல்தா தாத்தாவிடம் மாட்டினேன். இந்தோசீனாவுக்குப் போய் வந்தவர். என் கையில் இருந்த கவரை வாங்கி, ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்தத் தொப்பிதான் எங்களுக்கும். முகம் கழுவ தண்ணி பிடிக்கிறதும் இதுலதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! அப்புறம் படிச்சப்பதான் புரிஞ்சது. இந்தோசீனாப் போரில் பிரெஞ்சுப் படைக்கு அமெரிக்கா ஆயுதமும் தளவாடமும் கொடுத்தது. ஹெல்மெட்டும் அதில் அடக்கம். அமெரிக்கச் சிப்பாய்னு நான் பெட்டியில போட்டு வெச்சிருந்த மூஞ்சியில்லாத பயல், பாதி காரைக்கால்காரன்!

தாத்தா கவரில் இருந்த எல்லாரையும் திண்ணையில் நிக்க வெச்சார். ஒருத்தன் சுடுறான், ஒருத்தன் குண்டு வீசுறான், ஒருத்தன் தவழ்றான்.

"எல்லாரும் சுடுறானுவளே... ஒருத்தனும் விழலையே?"

பதில் சொல்லத் தெரியலை. திருவிழாக் கவர்ல விழுந்தவன் இருக்கவே மாட்டான். போர்ல தன்கூட இருந்து திரும்பி வராத மூணு பேரோட பேரைச் சொன்னார். அதுக்கு மேல எதுவும் பேசலை.

அவர் இப்ப இல்லை. இந்தோசீனாப் போர் முடிஞ்சது 1954-ல். அதுக்குப் போய் வந்தவங்கள்ல யாராவது இருந்தா தொண்ணூறை ஒட்டி இருப்பாங்க. அல்ஜீரியாவுக்குப் போனவங்களுக்கே எண்பது தாண்டியிருக்கும். அவங்க போன பிறகு மெடல் பேரன் கையில, போட்டோ பரண்ல. போட்டோவுல பக்கத்துல நிக்கிறவன் யாருன்னு சொல்ல ஆள் இருக்காது.

அந்த வருஷத்துல இருந்து என் ஹாபி கொஞ்சம் மாறிடுச்சு. சோப்புத் தண்ணியில பொம்மையைக் கழுவி, அக்ரிலிக் பெயின்ட் அடிச்சு, எம்-சீல் வெச்சு மூக்கு முழி பண்றேன். துப்பாக்கி வளைஞ்சிருந்தா சுடுதண்ணியில முக்கி நிமிர்த்திட்டு, உடனே பச்சைத் தண்ணியில போடணும். அப்படியே நிக்கும். மூணு பேரை மட்டும் படுக்க வெச்சிருக்கேன். அடியில அந்தப் பேருங்க.

அடுத்த ஆனிக்கு காரைக்கால் வாங்க. மாம்பழம் பிடிங்க, அரசலாற்றங்கரையில நடங்க, பீச்சுல காத்து வாங்குங்க. வழியில எந்த வீட்டிலாவது மெடல் போட்டோ மாட்டியிருந்தா, "தாத்தா, பக்கத்துல நிக்கிறது யாரு?"ன்னு கேளுங்க. பேரை எழுதி வெச்சுக்க ஒரு பேனாவும் கொண்டு வாங்க!